மரியாதையான வியாதி

எங்கள் டிராக்டர் ஷோரூமில் யாருக்கும் ரகசிய வியாதி கிடையாது. முதலாளி அண்ணாச்சியின் சர்க்கரை அளவு, காலையில் ஷட்டர் ஏறும்போதே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று வாட்ச்மேனிடம் ஆரம்பித்து, வரிசையாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். கேஷியருக்கு மூலம். நடுவில் ஓட்டை வைத்த மெத்தையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருப்பார். டிராக்டர் வாங்க வந்தவர்கள் அது என்ன என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், ஆபரேஷன் வரைக்கும் விளக்கிவிட்டுத்தான் ரசீது போடுவார். இன்சூரன்ஸ் பார்க்கும் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த கதையை அக்கா சொல்லிக் கேட்டதைவிட, மெக்கானிக்குகள் சொல்லித்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்தில் எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பதுகூடத் தப்பு. பிறக்கும்போதே கூட வந்ததற்கு, முப்பத்தெட்டு வயதில் ஒரு பேர் கிடைத்தது. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முன் நெடுநாளாகத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் வந்தால் அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஊரே தெருவில் நிற்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு காதில் பஞ்சு வைத்துப் படுத்திருப்பேன். உறவுக்காரர்கள் இதற்குத் திமிர் என்று பேர் வைத்திருந்தார்கள். கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தோம். நாலைந்து தடவை வரச்சொல்லி, என் அம்மாவையும் கூட்டிவரச்சொல்லிக் கேள்வி கேட்டு, எனக்கு ஆட்டிசம் என்றார் அந்த டாக்டரம்மா.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். துக்கம் இல்லை. பழைய பாக்கி ஒன்று தீர்ந்தமாதிரி இருந்தது. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். பனவடலிசத்திரம் தாண்டியபோது, "அப்ப நீ எதையும் வேணும்னு செய்யலியா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான்.

வேலை பார்க்கிற இடத்தில் இதைச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். "சொல்றதும் சொல்லாததும் உங்க விருப்பம். ரெண்டுலயும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு" என்றார். இதைத் தெரிந்துகொள்ளத்தான் பாளையங்கோட்டை வரைக்கும் பஸ் ஏறிப் போயிருந்தேன்.

சொல்ல வேண்டிய அவசியம் அப்போது இருக்கவும் இல்லை. ஷோரூமுக்குப் பின்னால், டிராக்டர் உதிரிபாகங்கள் அடுக்கிய ஸ்பேர் ரூமில் என் மேஜை. ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு சின்ன ஜன்னல். மெக்கானிக்குகள் அந்த ஜன்னலில் தலையை நீட்டி, வேண்டிய சாமானின் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். எடுத்துக் கொடுத்து பில் போடுவேன். உலகம் அந்த ஜன்னல் அளவுக்கு இருந்தது எனக்குத் தோதாக இருந்தது.

பிறகு அண்ணாச்சிக்கு நவீனமாக வேண்டும் என்று ஆசை வந்தது. டிராக்டர் கம்பெனியும் தூண்டிவிட்டது. முன்பக்கச் சுவர்களை இடித்து முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் கண்ணாடி ரூம், மற்ற எல்லோருக்கும் ஒரே ஹாலில் மேஜை. சுவரில் பெரிய டிவி; அதில் ஒரே டிராக்டர் ஒரே வயலை ஒரே பாட்டோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை உழுதுகொண்டிருக்கும். கூரை முழுக்க வெள்ளை விளக்கு. மூலையில் ஒரு டப்பா, ஆள் நடமாடினால் தானாக மல்லிகை வாசனையைப் பீச்சும். அது நிஜ மல்லிகைக்கு என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் மேஜை அந்த டப்பாவுக்கு நேர் கீழே போடப்பட்டது.

எங்களுக்குப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். வெயிலில் கோட்டுப் போட்டு வந்த மனிதர். வாடிக்கையாளர் வாசலில் கால் வைக்கும்போதே அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். மேஜைக்கு வருவதற்குள் சிரித்துவிட வேண்டும். பேசி முடிக்கிறவரை அந்தச் சிரிப்பு இறங்கக் கூடாது என்றார். "சிரிப்புக்கு முதலீடு தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்கு அண்ணாச்சியிடம் நல்ல தொகை வாங்கிக்கொண்டு போனார்.

நான் விதி சொன்னால் கேட்கிறவள். விதி என்னவென்று தெளிவாக இருந்தால் எனக்கு நிம்மதி. வீட்டில் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் பார்த்துவிட்டு, "அம்மா, பயமா இருக்கு, வேண்டாமே" என்றாள். நான் விடவில்லை. ஒரு வாரத்தில் எங்கள் ஹாலிலேயே அதிக நேரம் சிரிக்கிறவள் நான்தான் என்று பேர் வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் இளையரசனேந்தல் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். இன்சூரன்ஸ் அக்கா சாப்பிடப் போயிருந்ததால் நேரே என் மேஜைக்கு வந்தார். அவருடைய தம்பி வயலில் மாரடைப்பில் விழுந்து இறந்துவிட்டார். டிராக்டர் தம்பி பேரில் இருந்தது. அதைத் தம்பி மனைவி பேருக்கு மாற்ற என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். எப்படி விழுந்தார், யார் தூக்கினார்கள், கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எப்படி முடிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டே சிரித்தேன்.

பெரியவர் நிறுத்தினார். "ஏம்மா, நான் எழவு சொல்லுதேன். நீ பல்லக் காட்டுதே?"

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். டிவியில் டிராக்டர் மட்டும் உழுதது. சிரிப்பை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எங்கே பிடித்து எடுப்பது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் அப்படியே இருக்கிறது. பெரியவர் பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினார். அண்ணாச்சி ஓடிவந்து அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தார். பெரியவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா ஆச்சு ஒனக்கு? வீட்ல எதுவும் பிரச்சினையா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். ஊரில் எந்தச் சம்பந்தம் எதனால் முறிந்தது என்பது அவருக்கு மனப்பாடம். "வேண்டாம்ட்டி. எங்க மண்டபத்துலயே, பொண்ணோட சித்திக்கு வலிப்பு உண்டுன்னு பந்தியில உக்காந்து ஒருத்தன் சொல்லிட்டான், தாலி கட்டுத நேரத்துல மாப்பிள வீட்டுக்காரனுவ எந்திச்சுப் போனானுவ. நமக்குப் பொட்டப்புள்ள இருக்கு. பேசாம இரு" என்றார்.

"அப்ப அந்த ஹாலுல எப்படி இருக்க?"

"வேற ஏதாவது சொல்லு" என்றார். என்ன சொல்வது என்று சொல்லவில்லை. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று போன் வந்தது, போய்விட்டார்.

மறுநாள் காலையில் இன்சூரன்ஸ் அக்காவிடம் நூல் விட்டுப் பார்த்தேன். "எனக்கு இங்கன இருக்க முடியலக்கா. அந்த வெளிச்சம், அந்த வாசனை, டிவி சத்தம், எல்லாம் சேந்து தலைக்குள்ள என்னமோ பண்ணுது."

அக்கா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பாளையங்கோட்டை டாக்டருக்கு நாலைந்து தடவை தேவைப்பட்டது. அக்காவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஏட்டி, இது ஒத்தைத் தலைவலில்லா! என் நாத்தனாருக்கு இதேதான். இத என்னத்துக்கு மூடி வச்சிருக்க? மரியாதையான வியாதிதானே!"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் அக்கா அண்ணாச்சியின் கண்ணாடி ரூமுக்குள் போய்விட்டாள். வெளியே வந்த அண்ணாச்சி, "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா! எங்க அப்பாவுக்கே உண்டும்மா" என்று பாசமாகக் கடிந்துகொண்டு, மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, என் மேஜையைத் தூக்கிப் பழையபடி ஸ்பேர் ரூமில் போடச் சொன்னார். மத்தியானத்துக்குள் நான் கிரீஸ் வாசனையில் உட்கார்ந்திருந்தேன். நெடுநாளாக உண்மையாக எனக்குத் தேவைப்பட்டது, எனக்கு இல்லாத ஒரு வியாதியின் பேரில் உடனே கிடைத்துவிட்டது.

ஆனால் மரியாதையான வியாதிக்கு ஒரு தொல்லை உண்டு. அதற்கு வைத்தியம் இருக்கிறது. கேஷியர் சுக்கு அரைத்துக்கொண்டு வந்தார். அக்கா கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து, நெற்றியில் தானே குழைத்துப் பூசினாள். அண்ணாச்சியின் மனைவி ஒரு தைலம் கொடுத்தனுப்பினார். அதன் வாசனைக்கு அந்த மல்லிகை டப்பாவே தேவலை. நான் எல்லாவற்றையும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "குறைஞ்சிருக்கா?" என்று கேட்பார்கள். குறைந்திருக்கிறது என்றால் ஹாலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். குறையவில்லை என்றால் இன்னொன்று பூசுவார்கள்.

குறையவில்லை என்றே சொல்லிவந்தேன். அதன் பலனாக ஒரு நாள் அண்ணாச்சி காரோடு வந்து நின்றார். "ஏறும்மா. சிவகிரியில ஒரு வைத்தியர் இருக்காரு. மூக்குல ரெண்டு சொட்டு விடுவாரு, ஏழு ஜென்மத்துத் தலைவலியும் இறங்கிரும். டோக்கன் சொல்லி வச்சாச்சு." துணைக்கு அக்காவும் ஏறிக்கொண்டாள், அவளுக்கு முழங்கால் எண்ணெய் வாங்க வேண்டியிருந்தது.

வைத்தியர் வீட்டு முன்னால் கார் நின்றது. மருந்து விட்டுக்கொண்டவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு தும்மினார். ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்து, யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு துளி ரூம் ஸ்பிரேயே தாங்காது. சொல்லலாமா வேண்டாமா என்று அத்தனை நாள் யோசித்ததை, அந்தக் காட்சி ஒரே நொடியில் முடித்துவைத்தது.

"அண்ணாச்சி, எனக்கு ஒத்தைத் தலைவலி இல்ல."

"பின்ன, ரெண்டு பக்கமும் இருக்கா?"

"தலைவலியே இல்ல. எனக்கு ஆட்டிசம். பாளையங்கோட்டையில டாக்டரு பாத்துச் சொன்னாவ."

அண்ணாச்சி வண்டியை ஆஃப் செய்தார். "அது சின்னப் பிள்ளைகளுக்கு வாறதுல்லா?"

"அந்தப் பிள்ளைக வளரும்லா அண்ணாச்சி. நானும் வளந்துட்டேன்."

பின் சீட்டிலிருந்து அக்கா முன்னால் சாய்ந்தாள். "சும்மா இரு. அதுக பேசாது, ஆளு முகத்தப் பாக்காது. நீ பேசுதே, கணக்குப் பாக்குதே, கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையும் பெத்துட்டே. டாக்டரு துட்டுப் புடுங்கிருக்கா."

அண்ணாச்சிதான் கொஞ்சம் நிதானமாகக் கேட்டார். "இதுக்கு மாத்திரை உண்டா?"

"இல்ல."

"ஆபரேஷன்?"

"இல்ல."

"பத்தியம்?"

"அதுவும் இல்ல அண்ணாச்சி. சத்தம், வெளிச்சம் கம்மியா இருந்தாப் போதும். சிரிக்கச் சொல்லக் கூடாது."

"மருந்தே இல்லாததுக்கு எதுக்கும்மா டாக்டர்ட்ட போனே?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு, தெருவில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாண்டாம். மண்டைக்குச் சரியில்லாத ஆள வச்சு ஸ்டாக் பாக்காவன்னு நெனப்பான். தலைவலின்னே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் யார்ட்டயும் மூச்சு விட மாட்டோம்."

அக்கா சத்தியம் செய்தாள்.

"சரி, வந்தது வந்தாச்சு" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு சொட்டு விட்டுக்கோயேன். எதுக்கும் இருக்கட்டும்."

மாட்டேன் என்றேன். அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டோக்கன் வீணாகிவிடக் கூடாதே என்று அவரே போய் விட்டுக்கொண்டார். கண் தெரியாமல் தும்மிக்கொண்டே திரும்பிவந்து, வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண் தெளிந்த பிறகுதான் வண்டியை எடுக்க முடிந்தது.

மறுநாள் காலையில் கேஷியர் என் ஜன்னலில் வந்து நின்று, "டீ... வேணுமா... ம்மா? டீ?" என்று கையால் தம்ளர் பிடித்துக் காட்டினார். முந்தின நாள் வரைக்கும் என்னிடம் அரசியல் பேசியவர். மூச்சு விடாதவர்கள் விட்ட மூச்சு அதற்குள் ராஜபாளையம் ரோட்டு முனைவரை போயிருந்தது. மெக்கானிக்குகள் ஜன்னலில் கத்துவதை நிறுத்திவிட்டு, வேண்டிய சாமானின் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்கள். எனக்குக் காது கேட்காது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தப்பை மட்டும் நான் திருத்தவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது. அவர்களில் ஒருவர், "யக்கா, எவ்வளவு பெரிய பெருக்கலும் நீங்க மனசுலயே போட்டுருவீங்களாமே" என்று ஆசையோடு வந்து நின்றார். கால்குலேட்டரை எடுத்துக் காட்டினேன். ஏமாந்துபோய்ப் போனார்.

மண்டபத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. மகன் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க வந்த ஒருவர், என் கணவரை ஓரமாகக் கூப்பிட்டு, "வீட்ல ஒடம்புக்கு எப்படி இருக்கு வே?" என்று மெதுவாக விசாரித்திருக்கிறார். "நல்லாத்தான் இருக்கா. ஒம்ம பையன் குடிய நிப்பாட்டிட்டானா வே?" என்று இவர் சத்தமாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கல்யாணம் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டது. மண்டப முதலாளி திட்டியதைக் கணவர் வீட்டில் வந்து சொன்னார். சொல்லாதே என்று சொன்னவர் அவர்தான். சொன்னதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணாச்சியின் மனமாற்றத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் பெரிய மனிதர்கள் மாதம் ஒரு தடவை கூடி, யாருக்காவது தையல் மெஷின் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே யாரோ, இப்படிப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பது பெரிய தர்மம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அவர் ஸ்பேர் ரூமுக்கே வந்து, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"அடுத்த கூட்டத்துல ஒன்ன மேடையில ஏத்துதோம். பொன்னாட போத்துதோம். நீ நாலு வார்த்த பேசு. எனக்கு அண்ணாச்சி வாழ்வு குடுத்தாருன்னு சொன்னாப் போதும்."

மூச்சு விடக் கூடாத விஷயம், மைக் வைத்துச் சொல்லும் விஷயமாகிவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க ஆள் தேவைன்னு போர்டு வச்சிருந்தீங்க. பி.காம் சர்ட்டிபிகேட்டோட நான் வந்தேன். அப்ப உங்களுக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது. இதுல எங்கன வாழ்வு குடுத்தீங்க?"

"இப்பத் தெரிஞ்சும் வச்சிருக்கேன்லா?"

"பொன்னாட வேண்டாம் அண்ணாச்சி. வெயிலுக்கு அது ஒடம்புல பட்டாலே எனக்கு அரிக்கும். அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. நான் பில் குடுக்க ஹாலுக்கு வரும்போது அந்த டிவி சத்தத்த மட்டும் அமத்தி வைக்கச் சொல்லுங்க."

அண்ணாச்சி முகம் இருண்டது. "அது கம்பெனி வச்சதும்மா. அதுல நாம கை வைக்க முடியுமா?"

மேடை, மைக், பொன்னாடை, போட்டோக்காரர், மாலையில் கேசரியோடு டிபன் என்று எல்லாவற்றையும் ஒரே போனில் ஏற்பாடு செய்துவிடுகிற மனிதர் அவர். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்தக் கூட்டத்தில் பொன்னாடை வேறொருவருக்குப் போனது. அண்ணாச்சி கொஞ்ச நாள் என்னிடம் தன் சர்க்கரை அளவைச் சொல்லவில்லை. அதுதான் தண்டனை.

பிறகு கம்பெனியிலிருந்து புது ஏரியா மேனேஜர் வரப்போவதாகத் தகவல் வந்தது. "அவரு வாற அன்னைக்கு மட்டும் ஹாலுல வந்து உக்காரு. ஆள் பின்னால கெடந்தா என்ன ஏதுன்னு கேப்பாரு" என்றார் அண்ணாச்சி. நான் வர மாட்டேன் என்றேன். கேட்டால் என்ன சொல்வாய் என்றார். கேட்டால் சொல்வேன் என்றேன். சிவகிரியில் மாட்டேன் என்று சொன்ன பிறகு, அந்த வார்த்தை எனக்குச் சுலபமாகப் பழகியிருந்தது.

ஏரியா மேனேஜர் வந்தார். சின்ன வயது, வியர்த்துப்போயிருந்தார். ஹாலைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி தடுக்கத் தடுக்கப் பின்பக்கம் வந்துவிட்டார். அண்ணாச்சி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தலைவலி என்று சொல்ல வேண்டுமாம்.

"நீங்க ஏன் மேடம் இங்க தனியா உக்காந்திருக்கீங்க?"

"எனக்கு ஆட்டிசம் சார். ஹாலுல சத்தமும் வெளிச்சமும் ஒத்துக்காது. இங்கன இருந்தா வேலை ஓடும்."

அவர் தலையாட்டினார். அலமாரியைப் பார்த்தார். "ஓகே. கிளட்ச் பிளேட் இவ்வளவு ஏன் தேங்கிக் கிடக்கு?" என்றார்.

அந்த மாடல் இந்தப் பக்கம் விற்பதே இல்லை, கம்பெனிதான் தள்ளிவிடுகிறது என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். பாதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி நெற்றியில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அன்று சாயங்காலமே, தான்தான் என்னைத் தைரியமாகச் சொல்லச் சொன்னதாகக் கேஷியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "கம்பெனிக்காரன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"கிளட்ச் பிளேட் ஏன் தேங்கிக் கிடக்குன்னு கேட்டாரு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கிளட்ச் பிளேட் உண்மையாகவே தேங்கித்தான் கிடந்தது. கேட்டேன். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் எரிந்து விழுவார். இப்போது உட்கார்ந்து, முதலிலிருந்து பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்து அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அவர் வாய் நிறையச் சோறு இருந்தது, கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை, பாவம்.